ஐந்தொகையில் ஏறாத பற்று

எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், கணக்கப்பிள்ளை. காரைக்குடியிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு மணி நேரம் போனால் வருகிற ஒரு கிராமத்தில், ரங்கூனில் கடை வைத்திருந்த செட்டியார் வீட்டு முகப்பில், சாய்ந்த மூடி போட்ட கைப்பெட்டிக்கு முன்னால் சம்மணம் கூட்டி உட்கார்ந்து நாற்பது வருஷம் பேரேடு எழுதினார். பிள்ளையார் சுழி போட்டு ‘சிவமயம்’ என்று தொடங்கிவிட்டால், சாமி வீட்டு விளக்குக்கு வாங்கிய எண்ணெயும், முற்றம் கூட்டியவளுக்குக் கொடுத்த இரண்டு அணாவும், காதுகுத்துக்கு வந்த வெற்றிலைக் கவுளியும் ஒன்று விடாமல் வரவிலோ பற்றிலோ ஏறிவிடும். வருஷக் கடைசியில் ஐந்தொகை எடுப்பார். இன்றைய பேச்சில் சொன்னால் பாலன்ஸ் ஷீட். அதில் காலணா இடித்தாலும் அன்று ராத்திரி வீட்டுக்கு வர மாட்டார். அப்பத்தா தூக்குச் சட்டியில் சோறு வைத்து என்னிடம் கொடுத்தனுப்புவாள். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அவர் விரல் எண்களின் மேல் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே நான் அங்கேயே தூங்கிப்போவேன்.

அந்த வீட்டு விறகுக் கணக்கு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செட்டியார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைத்து’ விடுவார்கள். வீடு ஒன்று, முற்றம் ஒன்று, சாமி ஒன்று. ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி உலை. கல்யாணமான ஒரு ஜோடிதான் ஒரு புள்ளி. அந்த வீட்டில் நாலு புள்ளி, ஆகவே நாலு அடுப்பு. விறகு வண்டி வந்து நின்றால் ஐயா தராசு கட்டி நாலு பங்கு போடுவார். விடிகாலையில் இரண்டாம் கட்டிலிருந்து நாலு புகை எழும்பி, ஓட்டுக்கு மேலே போனதும் ஒன்றோடொன்று கலந்து, எது எந்த ஆச்சியின் அடுப்புப் புகை என்று தெரியாமல் போய்விடும். விறகு கணக்கில் ஏறியது. சாம்பல்கூட, பாத்திரம் தேய்க்க இவ்வளவு எருக்குழிக்கு இவ்வளவு என்று வாய்க்கணக்காகவாவது இருந்தது. புகை மட்டும் எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை.

போன சித்திரை முதல் தேதி நானும் ஒரு பேரேடு திறந்தேன். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் ஊரார் கணக்கை எழுதி ஓய்வு பெற்றவன், ஐயா எழுதாமல் விட்ட அந்த ஒரு பற்றை எழுதிப் பார்ப்போமே என்று தோன்றியது. கார்பன் தடம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அதுதான். நாம் எரிப்பதும் ஓட்டுவதும் குளிர்விப்பதும் வாங்குவதும் சேர்ந்து வருஷத்துக்கு எவ்வளவு கரியமில வாயுவையும் அதன் உறவுக்கார வாயுக்களையும் காற்றில் விடுகின்றன என்ற கணக்கு. பெயர் புதிது. வேலை ஐயாவுடைய வேலைதான்.

முதல் பக்கத்தில் சிலிண்டர். 14.2 கிலோ எரிவாயு தீர்ந்தால் ஏறக்குறைய 42 கிலோ கரியமில வாயு. பதினான்கு எப்படி நாற்பத்திரண்டு ஆகும் என்று என் மனைவி கேட்டாள், நியாயமான கேள்வி. எரியும்போது எரிபொருளிலிருக்கும் கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது. 12 பங்கு கார்பனோடு 32 பங்கு ஆக்சிஜன் கூடி 44 பங்காகிறது. பாத்திரத்துக்குப் பாத்திரம் கடன் வாங்குகிற மாதிரி காற்றிடம் வாங்கிக்கொண்டு காற்றிலேயே போய்ச் சேர்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ. மின்சாரத்துக்கு, இன்னும் பெரும்பகுதி நிலக்கரியில் ஓடுகிற நம் நாட்டில், ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ. இந்த மூன்று எண்ணையும் அட்டையில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவிட்டேன். நீங்களும் ஒட்டலாம், ஒரு வீட்டின் பாதிக் கணக்கு அதிலேயே முடிந்துவிடும்.

எழுத எழுதத்தான் பழைய வீடு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

சித்திரை வெயிலில், பள்ளிக்கூடம் விட்ட விடுமுறையில், நாங்கள் அந்த வளவில்தான் கிடப்போம். கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள், சமையல்கார அம்மாவின் பிள்ளைகள், செட்டியார் வீட்டுப் பிள்ளைகள், எல்லாரும். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், இரண்டடிக்குக் குறையாத கனத்தில் சுவர். தரையில் ஆத்தங்குடிக் கல். மின்விசிறி கிடையாது. மேல்சட்டையைக் கழற்றிப் போட்டு வெறும் முதுகோடு தரையில் படுத்தால் முதலில் ஒரு சிலிர்ப்பு. கொஞ்ச நேரத்தில் படுத்த இடம் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகும். உடனே ஒரு புரண்டு, அடுத்த கல்லுக்கு. அது சூடேறினால் அதற்கடுத்தது. முகப்புப் பக்கம் படுத்தவன் மூன்று மணிக்குள் உருண்டு உருண்டு இரண்டாம் கட்டு நடைக்கே வந்துவிடுவான். வழியில் இரண்டு பேர் முட்டிக்கொண்டால் சண்டை, சண்டைக்கு ஆச்சியின் அதட்டல், அதட்டலுக்குப் பிறகு ஆளுக்கொரு சீப்புச் சீடை. குளிர்ச்சி என்பது தேடிப் போய் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றாக இருந்தது. தேடுவதிலேயே பாதி மத்தியானம் போய்விடும், அந்தப் பாதி மத்தியானத்தைப்போல ஒன்று இப்போது எங்கே கிடைக்கிறது?

அந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீர் விட்டு, கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. முகம் தெரியும் என்பார்கள். நாங்கள் கன்னத்தை வைத்து ஒத்திக்கொள்வோம், பளிங்கைப்போலச் சில்லென்றிருக்கும். அதன் உள்ளே நடந்த காரியம் எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. நூறு கிலோ கிளிஞ்சலைச் சுட்டால் ஏறக்குறைய 44 கிலோ கரியமில வாயு சூளையிலிருந்து பிரிந்து போகிறது. மிஞ்சுகிற சுண்ணாம்பைச் சுவரில் பூசினால் அது காற்றிலிருந்து அதே வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப இழுத்துக்கொண்டுதான் இறுகுகிறது. இறுகி மறுபடி கிளிஞ்சலின் பொருளாகவே ஆகிறது. வாங்கிய கடனை வருஷக்கணக்கில் தவணை தவணையாகத் திருப்பிக் கட்டுகிற சுவர்! சூளைக்கு எரித்த விறகின் புகை பற்றில்தான் நிற்கும், அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் நாங்கள் கன்னம் ஒத்திக்கொண்டிருந்த நேரத்தில் அந்தச் சுவர் ஓசையில்லாமல் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தது என்று நினைக்கும்போது மனசுக்குள் என்னவோ செய்கிறது.

1988 இல் எங்கள் சொந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு நான் காங்கிரீட் வீடு கட்டினேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. வங்கியில் வீட்டுக்கடன் கிடைத்தது, ஓடு மாற்ற ஆள் கிடைக்கவில்லை, மழைக்கு ஒழுகியது, தேள் விழுந்தது. காரணங்களெல்லாம் உண்மைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, தட்டையாக ஒரு மாடி வேண்டும், அதில் ஏறி நின்று தெருவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. தளம் போட்ட அன்று கொத்தனாருக்கு வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்தேன். ஏறக்குறைய 400 மூட்டை சிமெண்ட் போனது. ஒரு மூட்டை சிமெண்ட் செய்வதற்கு இன்று 30 முதல் 40 கிலோ வரை கரியமில வாயு வெளியாகிறது. அன்றைய பழைய சூளைகளில் இன்னும் கூடுதலாகவே இருந்திருக்கும். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போதே அதற்குள் இருப்பது வெளியே வந்துவிடுகிறது, அதோடு சுடுவதற்கு எரிக்கும் கரியின் பங்கும் சேர்கிறது. உலகம் முழுதும் வெளியேறும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டு பங்கு சிமெண்டிலிருந்து மட்டும் வருகிறது. என் பேரேட்டில் 1988 என்று போட்டுப் பழைய பற்றாக 15 டன் எழுதிவைத்திருக்கிறேன். புது வீட்டில் முதல் கோடையிலேயே தெரிந்துவிட்டது: பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் அதைக் கட்டிலின் மேல் இறக்கிக்கொண்டே இருந்தது. அப்பத்தா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டாள். “வீடு நல்லாத்தாம்ப்பா இருக்கு, ஆனா மூச்சு விட மாட்டேங்குது” என்றாள்.

மூச்சு விடாத வீட்டுக்கு 2010 இல் ஏசி வந்தது. ஒரு ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் பத்து யூனிட் வரை இழுத்தது, ஏழு கிலோ. ஆறு ராத்திரி ஏசி, ஒரு சிலிண்டருக்குச் சமம். இதை முதல் தடவை கூட்டிப் பார்த்தபோது தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று மறுபடி கூட்டினேன். அதைவிடப் பெரியது ஒன்று பின்னால் வந்தது. ஒரு கோடையில் குளிர்ச்சி குறைந்து, பழுது பார்க்க வந்த பையன், “கேஸ் போயிடுச்சு சார், ஃபில் பண்ணிடலாம்” என்று ஒரு கிலோ அடைத்துவிட்டுப் போனான். அந்தக் காலத்து ஏசியில் இருந்தது ஆர்-22 என்ற வாயு. அதில் ஒரு கிலோ, சூட்டைப் பிடித்து வைக்கும் திறத்தில், சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். நாற்பதுக்கு மேற்பட்ட சிலிண்டர், வாசமில்லாமல் சத்தமில்லாமல் ஒரு செம்புக் குழாய் மூட்டு வழியாகப் போயிருக்கிறது. அன்றைக்கு நான் கொடுத்த காசுக்கு ரசீதுகூட இருக்கிறது. போன வாயுவுக்கு எந்தச் சீட்டும் இல்லை.

சூட்டைப் பிடித்து வைப்பது என்றால் என்ன என்று புரிந்துகொள்ள எங்கள் பக்கத்தில் புத்தகம் தேவையில்லை. 1990களில் பல பெரிய வீடுகளில் முற்றத்துக்கு மேலே கம்பி வலை போட்டு, குரங்குக்கும் திருட்டுக்கும் மழைச் சாரலுக்கும் பயந்து, அதன் மேல் ஃபைபர் தகடும் போட்டு மூடினார்கள். வெளிச்சம் முன்போலவே இறங்கியது. ஆனால் ராத்திரியில் முற்றத்தின் வழியாக வானத்துக்கு ஏறிப்போகிற சூடு போக வழியில்லாமல் வளவிலேயே நின்றுவிட்டது. நூறு வருஷம் வேர்க்காத தூண்களுக்கு நடுவில் ஆட்கள் வேர்த்தார்கள். பூமிக்கு மேலே அந்தத் தகட்டைத்தான் நாம் எல்லாரும் சேர்ந்து போட்டுக்கொண்டிருக்கிறோம், ஒரே நாளில் அல்ல, புகை புகையாக. நான் இரண்டு வயதுப் பிள்ளையாக இருந்த 1958 இல், ஹவாய்த் தீவில் மவுனா லோவா எரிமலைச் சரிவில் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி காற்றிலுள்ள கரியமில வாயுவை அளந்து எழுதத் தொடங்கினார். பத்து லட்சம் பங்கு காற்றில் அப்போது சுமார் 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. 2005 இல் அவர் காலமான பிறகும் அங்கே எழுதுவது நிற்கவில்லை. ஐயா இருந்திருந்தால் அந்த மனிதரைப் பார்த்து எழுந்து நின்று கும்பிட்டிருப்பார்.

தூண்கள் என்றேன். எல்லாம் பர்மாத் தேக்கு. கப்பலில் வந்து இறங்கி வண்டியேறி எங்கள் பொட்டல் காட்டுக்கு வந்தவை. கையால் கட்டிப் பிடித்தால் விரல் எட்டாது, சின்னப் பிள்ளைகளுக்கு ஒளிந்து விளையாட அதைவிட நல்ல இடம் கிடையாது. காய்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன். ஒரு தூண் நூறு கிலோ என்றால், அது மரமாக நின்ற காலத்தில் காற்றிலிருந்து இழுத்த 180 கிலோ கரியமில வாயு அதற்குள் அடைந்து கிடக்கிறது. தூண் நிற்கும் வரை அது வெளியே வராது. அப்படியானால் இந்த வீடுகள் பெரிய வரவா? நானும் ஆசையாக அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். பேனா நின்றுவிட்டது. அந்தத் தேக்கு நின்ற காடு போயிற்று. அந்த மாளிகைகளைக் கட்டிய பணம் ஐராவதிப் படுகையில் நெல் விளைந்த நிலத்துக்குக் கொடுத்த கடனில் வந்தது. சதுப்புக் காட்டை வெட்டித்தான் அந்த வயல்கள் வந்தன, தண்ணீர் நிற்கும் நெல்வயல் மீத்தேனும் விடும். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1942 இல் ஜப்பான்காரன் வந்ததும் எல்லாம் கைவிட்டுப் போயிற்று. அன்று எங்கள் வாழ்க்கை எளிமையாகச் சுத்தமாக இருந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அன்றைய புகையும் எங்கோ யாரோ பேரில் பற்று எழுதப்பட்டதுதான், எங்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில்.

கண்ணுக்கு எட்டிய தூரத்தில் எழுதப்பட்டது அப்பத்தா பேரில். எங்கள் வீட்டு அடுப்பங்கரை ஓடு கறுத்துப் பளபளவென்றிருக்கும். ஈர விறகு அன்றைக்கு என்றால் ஊதுகுழலை வைத்து ஊதி ஊதி அவள் கண் சிவந்து, முந்தானையால் ஒற்றிக்கொண்டே குழம்பு கூட்டுவாள். ஐம்பது வயதுக்கு மேல் இருமல் அவளை விடவேயில்லை. 1979 இல் எங்கள் வீட்டுக்கு எரிவாயு வந்தபோது சிலிண்டருக்குப் பொட்டு வைத்தாள், பத்து நாள் பக்கத்தில் போகவில்லை, பதினோராவது நாள் காலையில் தானே பற்றவைத்துக் காப்பி போட்டாள். புகைவாசம் இல்லாத காப்பி காப்பி மாதிரியே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டே இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொண்டாள். அந்த 42 கிலோவை எழுதும்போது எனக்கு வருத்தமே வருவதில்லை. குறைக்க வேண்டியவற்றில் அது கடைசியாக இருக்கட்டும்.

போக்குவரத்துப் பக்கம் வந்தால் முதலில் எழுத வேண்டியது பயணக் கணக்கு. கடல் தாண்டிக் கடைக்குப் போகிறவர்களுக்கு அன்று மூன்று வருஷக் கணக்கு. போனால் மூன்று வருஷம் கழித்துத்தான் ஊர். ரஜூலா கப்பலில் ஏற்றிவிட்டு வந்த குடும்பம், கடிதம் வருகிற நாளைத் திருநாளாகக் கொண்டாடும். திரும்பி வருகிறவரை அழைத்துவர ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸுக்குக் காத்திருந்து, கரி வண்டியின் கங்கு கண்ணில் விழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே பெட்டி பெட்டியாகத் தேடி ஓடியது உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். என் மகன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான். திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரம். ஒரு ஆள் போய்வர ஏறக்குறைய அரை டன். நானும் மனைவியும் ஒரு தடவை போய்வந்தால் ஒரு டன். எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஏழு சிலிண்டர், அது 300 கிலோ. ஆக மூன்று வருஷச் சமையல் ஒரு பயணத்தில் தீர்ந்துவிடுகிறது. போன வருஷம் மூன்று தடவை போனோம். பேத்தி பிறந்திருந்தாள், போகாமல் எப்படி? இந்த வருஷம் ஒரே தடவை போய் மூன்று மாதம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறோம். மகன் முதலில் முகம் சுளித்தான், மருமகள்தான், “வாங்க மாமா, சேர்ந்தாப்ல இருந்தா பிள்ளைக்குத் தமிழும் வரும்” என்றாள். அந்த விமானச் செலவை யார் பேரில் எழுதுவது, அவன் பேரிலா என் பேரிலா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

யார் பேரில் என்பது பெரிய கேள்வி. இந்தியாவில் ஒரு ஆளுக்கு வருஷத்துக்குச் சராசரி 2 டன், உலகச் சராசரி 5 டன்னை நெருங்குகிறது, அமெரிக்காவில் 14 டன். இந்தக் கார்பன் தடம் என்ற சொல்லையே, 2000களில் ஒவ்வொருவரும் தம் பங்கைக் கணக்கிட்டுப் பார்க்கும்படி, ஊரெங்கும் பரப்பியது ஒரு பெரிய எண்ணெய் நிறுவனம், பிபி. எண்ணெய் எடுத்து விற்றவர் பேரேட்டை மூடிவைத்துவிட்டு வாங்கி எரித்தவன் பேரேட்டை மட்டும் திறக்கச் சொன்னால் ஐயா ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். கொடுத்தவர் கணக்கும் கொண்டவர் கணக்கும் எதிரெதிர் பக்கத்தில் இருந்தால்தான் ஐந்தொகை. 2070க்குள் நிகரப் பூஜ்யம் என்று 2021 கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா சொன்ன வாக்கு நிலக்கரி உலைகளிலும் சிமெண்ட் சூளைகளிலும் இரும்பு ஆலைகளிலும்தான் முக்கியமாக நிறைவேற வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் என் சின்னக் கணக்கை எழுதுகிறேன். நாலு அடுப்புப் புகையும் ஓட்டுக்கு மேலே கலந்துவிட்டது என்பதற்காக விறகை நிறுத்துப் போடாமல் விட்டுவிட முடியுமா?

காரைக்குடிக்காரனுக்கு இதில் இன்னொரு பெருமையும் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் சமயத்தில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், எங்கள் வாயில் வெறும் ‘சிக்ரி’. ஒன்பதாம் வகுப்பில் எங்களை வரிசையாக அழைத்துப்போனார்கள். கண்ணாடித் தொட்டியில் இரண்டு தகடு, நடுவில் ஏதோ திரவம், கம்பியின் நுனியில் ஒரு சின்ன விளக்கு. விளக்கு எரிந்தது. நான் வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழத்தில் ஆணியும் செம்புக் கம்பியும் குத்தி வைத்துக்கொண்டு ராத்திரி வரை உட்கார்ந்திருந்தேன், அப்பத்தா பழத்தைப் பிடுங்கி ரசத்தில் பிழிந்துவிட்டாள். வாடகை சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்த அந்த வயதில், வண்டிகளே ஒருநாள் மின்கலத்தில் ஓடும், அந்த ஆராய்ச்சி நம் ஊரிலும் நடக்கும் என்று யார் கண்டார்கள்? இன்று லித்தியம் மின்கலம் வரை அங்கே வேலை நடக்கிறது. நானும் பெட்ரோல் ஸ்கூட்டரை விட்டுவிட்டேன். பெட்ரோல் ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்கு 50 கிராம் விட்டது. மின் ஸ்கூட்டர் நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலும் அதில் பாதிகூட இல்லை. மின்கலம் செய்ததற்கான பற்று ஒன்று உண்டு, அதையும் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

தண்ணீருக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊர் இது. கிராமத்துப் பெரிய வீட்டில் மழை தொடங்கினால் முற்றத்தின் நாலு மூலையிலும் அண்டா வைப்பார்கள், ஓட்டுத் தண்ணீர் குழாய் வழியாக விழும், அந்தத் தண்ணீரில் வேகிற பருப்புக்குத் தனி ருசி. நிரம்பி வழிந்தது வடிகால் வழியே ஊருணிக்குப் போகும். மின்சாரம் ஒரு யூனிட்கூட வேண்டாம். 2003 இல் அரசு வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, இது எங்கள் வளவில் எப்போதும் இருந்ததுதானே என்று அப்பா சிரித்தார். அவர் சிரித்த அதே திண்ணையில் இன்று கேன் தண்ணீர் வந்து இறங்குகிறது, ஆட்டோவில்.

முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு எப்போதாவது போவதுண்டு. பிரித்து விற்ற வீடுகளின் கதவுகளும் நிலைகளும் எனாமல் தூக்குகளும் சுவரோடு சாய்ந்து நிற்கும். போன ஆடியில் ஒரு கைப்பெட்டி கிடந்தது. சாய்ந்த மூடி, உள்ளே மைக்கூட்டுக்கு ஒரு குழி, மூடியின் ஓரம் முழங்கை தேய்ந்து பள்ளமாகியிருந்தது. ஐயாவுடையதாக இருக்காது. எல்லாக் கணக்கப்பிள்ளைகளின் முழங்கையும் அங்கேதான் தேய்ந்திருக்கும். விலை பேசாமல் வாங்கிவந்து, என் பேரேட்டை அதன் மேல்தான் வைத்து எழுதுகிறேன்.

சூரிய மின்தகடு போட்டாயிற்று, 3 கிலோவாட். மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய் கிடைத்தது. நல்ல வெயிலில் நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் வருகிறது, எங்கள் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஏசியைப் பன்னிரண்டு மணிக்கு மேல் அணைத்துவிடுகிறோம். அதற்குமேல் படுக்க முடிகிறதா என்றால், தளத்தைப் பொறுத்தது. அந்த 1988 தளத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, தகடு போட்டது போக மிச்ச இடத்தில் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று பழைய கொத்தனாரின் மகன் சொன்னான். வெள்ளையாக இருந்தால் வெயிலைத் திருப்பிவிடும், அறைக்குள் சூடு கண்கூடாகக் குறையும். கிளிஞ்சல் சுண்ணாம்பாகவே வாங்கி, தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினோம். தளதளவென்று கொதித்தது. அந்த வாசனை வந்ததும் எனக்கு எட்டு வயது.

நேற்றுச் சாயந்திரம் இரண்டாம் பூச்சு. தென்னமட்டை நாரில் கட்டிய மட்டையைத் தோய்த்து நானும் கொஞ்சம் இழுத்தேன், கை எரிந்தது. கீழேயிருந்து மனைவி, “ஏங்க, கை பொத்துப்போகும், தேங்காயெண்ணெய் தடவிட்டுப் போங்க” என்று சத்தம் போட்டாள். இறங்கி வந்து எண்ணெய் தடவிக்கொண்டு கைப்பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். பற்றுப் பக்கத்தில் ‘சுண்ணாம்பு, சூளையில் போனது’ என்று எழுதினேன். எதிர்ப் பக்கத்தில், சித்திரையிலிருந்து ஒரு வரிகூட ஏறாமல் கிடந்த வரவில், ‘சுண்ணாம்பு, மாடியில் வருவது’ என்று எழுதிவிட்டுத் தொகைக்கு இடம் விட்டேன். மாடி இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.